விடுபட்டவர் யார்?

மக்கள்தொகைத் தரவுகளைப் படித்து ஆராயும் துறைக்கு இளைஞர்கள் தேவைப்படுகிறார்கள். அந்தத் தேவை தமிழ்நாட்டில் இப்போதே தொடங்கிவிட்டது.

2027 மார்ச் 1, நள்ளிரவு 12 மணி. இந்தியாவின் 16-வது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு மத்திய அரசு குறித்திருக்கும் நேரம் இது. அந்தக் கணத்தில் இந்த நாட்டில் உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் கணக்கில் வரவேண்டும். ஐந்து நிமிடம் கழித்துப் பிறக்கும் குழந்தை வராது. ஐந்து நிமிடம் முன்பு கண்மூடிய முதியவரும் வரமாட்டார். பனி மூடும் லடாக்கிலும், ஜம்மு காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட் மலைப்பகுதிகளிலும் மட்டும் 2026 அக்டோபர் 1 அந்த நாள். சுமார் 30 லட்சம் களப்பணியாளர்கள் இந்த முறை கைப்பேசிச் செயலியோடு வீடு வீடாகப் போகிறார்கள். 1931-க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளின் விவரமும் சென்சஸில் கேட்கப்படவிருக்கிறது.

இத்தனை விவரங்களும் வந்து குவிந்த பிறகு, அவற்றைப் படித்துப் பொருள் சொல்லப்போகிறவர்கள் யார்? இந்தக் கேள்வியை நம் கல்லூரி வளாகங்களில் யாரும் கேட்பதில்லை. டேட்டா சயின்ஸ் என்றதும் வங்கி, இணைய வணிகம், விளம்பரம் என்று நினைக்கப் பழகிவிட்டோம். மனிதர்கள் பிறப்பதையும் இறப்பதையும் இடம்பெயர்வதையும் ஆராயும் மக்கள்தொகையியல், தரவு அறிவியலின் மூத்த கிளை. 1662-ல் லண்டனில் ஜான் கிரான்ட் என்ற துணி வியாபாரி, தேவாலயங்கள் வாராவாரம் வெளியிட்ட சாவுப் பட்டியல்களைத் திரட்டி ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். இந்தத் துறை அங்கிருந்து தொடங்குகிறது.

2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் மக்கள்தொகை 121 கோடி. தமிழ்நாட்டில் 7.21 கோடி. இவை பாடப்புத்தகத்தில் இருக்கும் எண்கள். கணக்கெடுப்பு முடிந்த கையோடு, தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் மறுபடியும் தனியாக ஒரு சரிபார்ப்பு ஆய்வு நடந்தது பலருக்குத் தெரியாது. ஆயிரத்துக்கு 23 பேர் கணக்கில் விடுபட்டிருக்கிறார்கள் என்று அந்த ஆய்வு சொன்னது. நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் சுமார் 2.8 கோடி பேர். இலங்கையின் மொத்த மக்கள்தொகையைவிட இது அதிகம்.

எண்ணப்பட்டவர்களைப் பற்றிப் பேச எல்லோராலும் முடியும். எண்ணப்படாதவர்கள் எத்தனை பேர், அவர்கள் யார், ஏன் விடுபட்டார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் பயிற்சி வேண்டும். மக்கள்தொகை ஆய்வாளரின் வேலையில் மிக முக்கியமான பகுதி அதுதான்.

இரண்டு பட்டியல்கள்

காணாமல் போனவர்களை எப்படி எண்ணுவது? இதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு விடை இந்தியாவில் பிறந்தது. சி.சந்திரசேகரன் என்ற இந்தியப் புள்ளியியலாளர், அமெரிக்கரான எட்வர்ட்ஸ் டெமிங்குடன் சேர்ந்து 1949-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கல்கத்தாவுக்கு அருகே சிங்கூர் பகுதியில் திரட்டிய பிறப்பு, இறப்பு விவரங்களே அதற்கு அடிப்படை.

ஒரு பகுதியில் ஓராண்டில் நடந்த பிறப்புகளைப் பதிவாளர் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறார். அவரோடு தொடர்பே இல்லாமல் இன்னொருவர் வீடு வீடாகப் போய் விசாரித்து வேறொரு பட்டியல் தயாரிக்கிறார். பதிவாளரிடம் 80 பெயர்கள். வீடு வீடாகப் போனவரிடம் 75. இரண்டிலும் இருக்கும் பெயர்கள் 60. ஆக, யாரோ ஒருவர் கண்ணிலாவது பட்ட குழந்தைகள் 95. பதிவாளர் கண்ட 80 பேரில் 60 பேரை, அதாவது நான்கில் மூன்று பங்கை, இரண்டாமவர் பிடித்திருக்கிறார். மொத்தக் குழந்தைகளிலும் அவர் நான்கில் மூன்று பங்கைப் பிடித்திருப்பார் என்று கொண்டால், 75 என்பது 100-ல் முக்கால் பங்கு. ஆகவே பிறந்தவை 100. இருவர் கண்ணிலும் படாதவை 5.

பள்ளிக்கூடக் கணக்கில் பிடிபடும் இந்த யோசனை, மக்கள்தொகை ஆய்வின் தூண்களில் ஒன்று. பிறப்பையும் இறப்பையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்க்கும் இதே வழியில்தான் இந்தியாவின் மாதிரிப் பதிவுத் திட்டம் நடக்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் எஸ்.ஆர்.எஸ். என்பார்கள். 1960-களின் நடுவில் சோதனையாகத் தொடங்கி, 1970 வாக்கில் நாடு தழுவியதாக ஆனது. தேர்ந்தெடுத்த கிராமம் அல்லது நகரப் பகுதியில் உள்ளூர்க்காரர் ஒருவர் ஆண்டு முழுவதும் பிறப்பு, இறப்பை எழுதிவைப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் தனியாக வந்து விசாரிப்பார். இரண்டு பட்டியல்களிலும் ஒத்துப்போகாதவற்றை மறுபடியும் களத்தில் போய்ச் சரிபார்ப்பார்கள். சிசு மரண விகிதம் குறைந்தது, ஆயுட்காலம் கூடியது என்று செய்தித்தாளில் நாம் படிப்பவை பெரும்பாலும் இங்கிருந்து வருகின்றன.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். ஒரே காரணத்தால் இருவர் கண்ணிலும் படாமல் மறைக்கப்படும் உயிர்களை இந்தச் சூத்திரம் கண்டுபிடிக்காது. பிறந்த சில நாட்களில் ஒரு பெண் சிசு இறந்துபோகிறது, குடும்பமே அதை வெளியே சொல்லாமல் மறைக்கிறது என்றால், பதிவாளருக்கும் தெரியாது, வீடு தேடி வந்தவருக்கும் தெரியாது. அப்போது வேறு வழி தேட வேண்டும்.

சேலம் காட்டிய எண்

இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பது பிரிட்டிஷார் காலத்துக் கணக்கெடுப்புகளிலேயே தெரிந்தது. வெளியாட்களிடம் பெண்களைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள், அதனால்தான் குறைவாகத் தெரிகிறது என்று அப்போது பலர் விளக்கம் சொன்னார்கள். விடுபட்டார்களா, இறந்துபோனார்களா? பிரவீண் விசாரியா என்ற ஆய்வாளர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பல கணக்கெடுப்புகளின் வயது வாரி விவரங்களைத் துருவினார். எண்ணுவதில் உள்ள குறை மட்டும் இந்த இடைவெளிக்குக் காரணமாக இருக்க முடியாது, பெண்களின் இறப்பு விகிதம் கூடுதலாக இருப்பதே முக்கியக் காரணம் என்று காட்டினார். 1961 சென்சஸின் தனிநூல் வரிசையில் அந்த ஆய்வு வெளியானது. 1990-ல் அமர்த்தியா சென், உலகில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் காணாமல் போயிருக்கிறார்கள் என்று எழுதி உலகத்தை உலுக்கினார். அந்த விவாதத்துக்கு விசாரியா போன்றவர்கள் முன்பே பாதை போட்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு அந்த உண்மை 1991-ல் எண்ணாகவே வந்து சேர்ந்தது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்ற கணக்கில் இந்தியாவின் சராசரி அப்போது 945. சேலம் மாவட்டத்தில் 849. உசிலம்பட்டிப் பகுதியிலிருந்து பத்திரிகைகள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்த பெண் சிசுக்கொலை, ஒரு மாவட்டம் முழுமைக்குமான அளவாக அரசின் மேசைக்கு வந்தது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பில் சேலத்தின் எண் 900-ஐத் தாண்டியிருந்தது. சட்டம், இயக்கங்கள், கல்வி, பெண் குழந்தைகளுக்கான நிதித் திட்டங்கள் எனப் பலவும் சேர்ந்த மாற்றம் இது. எங்கே பார்க்க வேண்டும் என்று சுட்டிக்காட்டியது சென்சஸ் அட்டவணையின் ஒரு வரி.

அறுபது வயதில் ஒரு கோபுரம்

இந்தத் துறையில் சேருகிறவர் முதலில் கற்பது, எண்ணைச் சந்தேகிக்க. 2011 சென்சஸின் ஒற்றை வயது அட்டவணையை எடுத்து வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். 60 வயதில் ஒரு கோபுரம் எழும்பும். 59-லும் 61-லும் பள்ளம் விழும். 65-ல் மறுபடி கோபுரம். இயற்கையில் அப்படிப் பிறப்பு நடந்திருக்க முடியாது. பிறந்த தேதி எழுதிவைக்கப்படாத தலைமுறை, கேட்டவுடன் "ஒரு அறுபது இருக்கும்" என்று சொல்கிறது. அதுவே பதிவாகிறது.

இந்தச் சாய்வை அளப்பதற்கு விப்பிள் குறியீடு என்று ஓர் அளவு உண்டு. 23 முதல் 62 வயது வரையிலானவர்களில் 0, 5 என்ற இலக்கங்களில் முடியும் வயதைச் சொன்னவர்கள் எவ்வளவு பேர் என்று அது பார்க்கிறது. சாய்வே இல்லாவிட்டால் 100. எல்லோருமே 30, 35, 40 என்று சொல்லியிருந்தால் 500. எழுத்தறிவு கூடக்கூட இந்த எண் இறங்கும். முதியோர் ஓய்வூதியத்துக்கு எத்தனை பேர் தகுதி பெறுவார்கள் என்று கணக்கிடும் அதிகாரி இந்தக் கோபுரத்தைச் சமன்செய்யாமல் போட்டால், கணக்கு தப்பும். தப்பிய கணக்கு கருவூலத்தை மட்டும் பாதிக்காது. மனுவோடு தாலுகா அலுவலகத்தில் நிற்கும் பாட்டியையும் பாதிக்கும்.

1.3 என்றால் என்ன?

தமிழ்நாட்டின் மொத்த கருவுறுதல் விகிதம் 1.3. 2023-ம் ஆண்டுக்கான எஸ்.ஆர்.எஸ். அறிக்கை சொல்வது இது. இந்தியாவுக்கு 1.9, பீகாருக்கு 2.8. ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ளச் சுமார் 2.1 வேண்டும்.

ஒரு பெண்ணுக்கு 1.3 குழந்தை என்றால், இன்று ஐம்பது வயதாகும் தமிழ்ப் பெண்கள் சராசரியாக 1.3 குழந்தை பெற்றார்கள் என்று பொருளாகாது. குறிப்பிட்ட அந்த ஓராண்டில் 15 முதல் 49 வரை ஒவ்வொரு வயதுப் பெண்களிடமும் இருந்த பிறப்பு விகிதங்களைக் கூட்டினால் கிடைப்பது இது. ஒரு பெண் தன் வாழ்நாள் முழுக்க இந்த விகிதங்களின்படியே போனால் எத்தனை குழந்தை பெறுவார் என்பதற்கான கற்பனைக் கணக்கு. திருமணங்களும் முதல் பிரசவங்களும் தள்ளிப்போகும் காலத்தில் இது உண்மையைவிடக் கீழே இறங்கித் தெரியும். எவ்வளவு இறக்கம் தள்ளிப்போவதால், எவ்வளவு உண்மையிலேயே குறைந்ததால் என்று பிரித்துச் சொல்வது ஆய்வாளரின் பொறுப்பு.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு தமிழ்நாட்டுக்கு 1.8 என்றது. ஏறத்தாழ அதே காலமான 2020-க்கு எஸ்.ஆர்.எஸ். 1.4 என்றது. இரண்டும் அரசு ஆய்வுகள். ஒன்று, 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் நேரில் கேட்டு, ஆய்வுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் பிறப்புகளை வைத்துக் கணக்கிடுகிறது. மற்றொன்று, தொடர்ந்து பதிவாகும் பிறப்புகளை அந்தந்த ஆண்டுக்குக் கணக்கிடுகிறது. மாதிரியின் அளவும் முறையும் வேறு. எதை, எப்போது, எந்த எச்சரிக்கையோடு பயன்படுத்துவது என்று தெரியாதவர் கையில் இந்த இரு எண்களும் கிடைத்தால், தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு மேடையேறிவிடுவார்.

மேடைகளில் இன்று மக்கள்தொகைதான் பேச்சு. மக்களவைத் தொகுதிகள் மாநிலங்களுக்கு இன்றும் 1971 கணக்கெடுப்பின் அடிப்படையிலேயே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 1976-ல் அரசியலமைப்பின் 42-வது திருத்தம் அதை உறைய வைத்தது. 84-வது திருத்தம் அந்த உறைவை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. பிறப்பைக் கட்டுப்படுத்திய மாநிலத்தின் 39 தொகுதிகள் என்னவாகும் என்ற தமிழ்நாட்டின் கவலை இங்கிருந்து வருகிறது. மத்திய வரி வருவாயைப் பங்கிடும்போது 2011 மக்கள்தொகைக்கு 15 சதவீத எடை தந்த பதினைந்தாவது நிதிக்குழு, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் காட்டிய செயல்பாட்டுக்கு 12.5 சதவீத எடை தந்தது. அரசியலின் இந்த விவாதங்களில் நியாயம் பேச, எண்ணின் உள்ளே போய்ப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம் பக்கம் இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு செய்த முன்கணிப்பின்படி, தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021-ல் நூற்றுக்கு 13.6 பேர். 2031-ல் 18.2 பேராக இருப்பார்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. எந்த ஒன்றியத்தில் பள்ளிகளில் சேர்க்கை குறையும், எந்த வட்டத்தில் முதியோருக்கான மருத்துவம் முதலில் தேவைப்படும், தனியாக வாழும் மூதாட்டிகள் எங்கே அதிகம் என்று இன்றே கணிக்க முடியும். பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு மூன்றையும் வயது வாரியாக ஆண்டுதோறும் முன்னகர்த்தும் முறை ஒன்று அதற்கு இருக்கிறது. அதைச் செய்ய ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்கள் வேண்டும்.

கணக்கெடுக்காததின் விலை

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கோவிட் காரணமாகத் தள்ளிப்போனது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சுமார் 81 கோடிப் பேருக்கு ரேஷன் தானியம் என்ற வரம்பு 2011 மக்கள்தொகையை வைத்து நிர்ணயிக்கப்பட்டது. மக்கள்தொகை வளர்ந்த பிறகும் வரம்பு அப்படியே நின்றதால் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் சட்டத்தின் பலனுக்கு வெளியே இருக்கிறார்கள் என்று பொருளாதார அறிஞர்கள் ழான் த்ரேஸ், ரீதிகா கேரா ஆகியோர் 2020-லேயே கணக்கிட்டுச் சொன்னார்கள்.

கோவிட் மரணங்களிலும் இதே கேள்வி எழுந்தது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 47 லட்சம் கூடுதல் மரணங்கள் நிகழ்ந்திருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அதே இரண்டு ஆண்டுகளுக்கு அரசின் அதிகாரபூர்வ கோவிட் மரணக் கணக்கு சுமார் 4.8 லட்சம். அந்த மதிப்பீட்டு முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. 2025-ல் வெளியான பதிவுத் துறை விவரப்படி, 2020-ல் பதிவான இறப்புகள் 81 லட்சம். 2021-ல் 1.02 கோடி. ஒரே ஆண்டில் 21 லட்சம் கூடுதல். இதில் எத்தனை கோவிட், எத்தனை வேறு நோய்கள், எத்தனை பதிவு செய்யும் வழக்கம் பரவியதால் வந்தவை என்று பிரித்தெடுப்பது பொறுமையும் நேர்மையும் கேட்கும் வேலை. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நாம் செலுத்த வேண்டிய குறைந்தபட்ச மரியாதை, அந்தக் கணக்கைச் சரியாகப் போடுவது.

கணக்கெடுப்பு நடக்காமல் போவதன் வலியை ஈழத்தமிழர்கள் நன்றாக அறிவார்கள். 1981-க்குப் பிறகு இலங்கையில் 1991 கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2001-ல் நடந்தபோது 25 மாவட்டங்களில் 18 மட்டுமே முழுமையாக எண்ணப்பட்டன. மற்ற ஏழும் வடக்கிலும் கிழக்கிலும் உள்ளவை. 2012-ல்தான் நாடு முழுவதும் மறுபடியும் எண்ணப்பட்டது. கால் நூற்றாண்டுக்கும் மேல் நீண்ட போரில் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் புலம்பெயர்ந்தார்கள் என்ற கேள்விகளுக்கு இன்றுவரை உறுதியான விடை கிடைக்காமல் இருப்பதற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம்.

எண்ணுக்குப் பின்னால் மனிதர்

இந்தத் துறைக்கு இருண்ட பக்கமும் உண்டு. அதைத் தெரியாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. மக்கள் பெருகுகிறார்கள் என்ற பீதி ஒரு காலத்தில் உலகை ஆட்டிவைத்தது. நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே நிதியாண்டில், இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்தன. ஊழியர்களுக்கு இலக்கு, ஏழைகளுக்கு வற்புறுத்தல். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பிறப்பு விகிதம் குறைந்ததற்குப் பெண்களின் படிப்பு, தள்ளிப்போன திருமண வயது, பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை, எட்டும் தூரத்தில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை பெரும் காரணங்கள். இன்று எதிர்த்திசையில், அதிகம் பெறுங்கள் என்ற குரல் எழுகிறது. இரண்டு காலத்திலும் பெண்ணின் உடலை எண்ணிக்கைக்கான கருவியாகப் பார்க்கும் ஆபத்து ஒன்றேதான். அதை முதலில் கண்டு எச்சரிக்க வேண்டியவர் மக்கள்தொகை ஆய்வாளர்.

தனிமனித விவரங்களைக் காப்பதும் அவர் கடமை. அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைக்க, அவர்கள் எந்தப் பகுதிகளில் வசிக்கிறார்கள் என்ற சென்சஸ் விவரம் பயன்பட்டது. இந்தியாவில் 1948-ன் சென்சஸ் சட்டம், தனிநபர் தந்த விவரத்தை வேறு யாரும் பார்க்கவோ, நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கவோ கூடாது என்கிறது. தரவுகளெல்லாம் டிஜிட்டலாகும் இந்தக் காலத்தில் அந்தச் சட்டத்தின் உயிரைக் காப்பது இத்துறையில் வேலை செய்பவர்களின் மனசாட்சியையும் பொறுத்தது.

எங்கே படிக்கலாம்?

இந்தத் துறையின் தாய்வீடு மும்பை தேவ்னாரில் இருக்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். 1956-ல் இந்திய அரசு, ஐ.நா., சர் தொராப்ஜி டாடா அறக்கட்டளை ஆகியவை சேர்ந்து தொடங்கியது. ஐ.ஐ.பி.எஸ். என்றால் உலகெங்கும் தெரியும். தேசியக் குடும்ப நல ஆய்வுகளை 1992-93 முதல் ஒருங்கிணைத்துவருவது இந்த நிறுவனம்தான். ஐந்தாவது சுற்றில் மட்டும் சுமார் 6.37 லட்சம் குடும்பங்களில் தகவல் திரட்டப்பட்டது. 45 வயதுக்கு மேற்பட்ட 72,000-க்கும் அதிகமானவர்களிடம் 2017-18-ல் முதல் சுற்று நடந்த முதுமை ஆய்வும் இவர்கள் பொறுப்பில் நடந்ததே. இங்கே மக்கள்தொகையியலிலும் உயிரிப் புள்ளியியலிலும் முதுகலைப் படிப்புகளும் முனைவர் பட்ட ஆய்வும் உண்டு.

பக்கத்தில் பார்த்தால், திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகையியல் துறை இருக்கிறது. அதே ஊரின் வளர்ச்சி ஆய்வு மையம், 1998 முதல் கேரள இடப்பெயர்வு ஆய்வை நடத்தி, கே.சி.சக்கரியா, எஸ்.இருதய ராஜன் போன்றவர்கள் மூலம் வளைகுடா போனவர்களின் வாழ்க்கையை எண்ணிச் சொன்ன இடம். தமிழ்நாட்டில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துக்கு இத்துறையில் நீண்ட மரபு உண்டு. திண்டுக்கல் அருகே காந்திகிராம ஊரக சுகாதார, குடும்ப நல நிறுவனத்தில், மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஆதரவோடு மக்கள்தொகை ஆய்வு மையம் இயங்குகிறது. சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தில் பொது சுகாதார முதுகலைப் படிப்பு உண்டு.

இளங்கலையில் புள்ளியியல், கணிதம், பொருளாதாரம், புவியியல், சமூகவியல் எது படித்தாலும் உள்ளே வர வழி இருக்கிறது. செவிலியர் படிப்பு முடித்தவர்களும் மருத்துவர்களும் வருகிறார்கள். கணக்கில் பயம் இருக்கக்கூடாது. ஆர் அல்லது பைதான் மொழியில் ஒன்று கைவசம் வேண்டும். ஆர் இலவசம். ஸ்டேட்டா, எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள்களும் வரைபடங்களுக்கு கியூஜிஸும் தெரிந்தால் நல்லது. ஆயுள் அட்டவணை போடவும், மாதிரி ஆய்வின் எடைகளைக் கையாளவும் தெரியாமல் மென்பொருள் மட்டும் தெரிந்தால், தவறான விடை வேகமாகக் கிடைக்கும்.

எங்கே வேலை?

மத்திய அரசில் இந்தியப் புள்ளியியல் பணி முதல் வாசல். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தத் தேர்வில் மக்கள்தொகையியல் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 56,100 ரூபாய். எஸ்.எஸ்.சி. வழியாகப் புள்ளியியல் அலுவலர் பணிகளும், பதிவாளர் ஜெனரல் அலுவலகத்தில் புள்ளியியல் புலனாய்வாளர் பணிகளும் உண்டு. டி.என்.பி.எஸ்.சி. வழியாக நிரப்பப்படும் புள்ளியியல் சார்நிலைப் பணிகள், மாவட்டத் தரவுகளோடு நேரடியாக வேலை செய்யும் வாய்ப்பு. இவற்றுக்கு வெளியே ஐ.நா. மக்கள்தொகை நிதியம், யுனிசெஃப், ஆய்வு நிறுவனங்கள், ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள், மருத்துவமனைக் குழுமங்கள், சந்தை ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. ஆய்வில் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு ஜெர்மனியின் ராஸ்டாக்கில் மேக்ஸ் பிளாங்க் நிறுவனம், பிரின்ஸ்டன், கான்பெர்ரா என்று கதவுகள் திறந்திருக்கின்றன.

கஷ்டங்களையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வுத் திட்டங்களில் பல வேலைகள் ஒப்பந்த அடிப்படையில் கிடைப்பவை. திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். 2011-ன் இடப்பெயர்வு அட்டவணைகள் 2019-ல்தான் வெளியாயின. அதுபோன்ற தாமதங்களைச் சகிக்கப் பழக வேண்டும். அமெரிக்க அரசு நிதியில் 1984 முதல் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்துவந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டம் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. பல ஏழை நாடுகளில் சிசு மரணத்தை அறிய நம்பகமான வழியாக இருந்தது அது. பணமும் அரசியலும் தரவை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். அதனால்தான் சொந்த நாட்டின், சொந்த மாநிலத்தின் தரவு அமைப்புகள் உறுதியாக இருக்க வேண்டும்.

இன்றே தொடங்கலாம்

கல்லூரியில் படிக்கும் ஒருவர் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சென்சஸ் இணையதளத்திலிருந்து உங்கள் மாவட்டத்தின் சி-13 வயது அட்டவணையை இறக்கிக்கொள்ளுங்கள். கோபுரங்களையும் பள்ளங்களையும் கண்டுபிடியுங்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் எண்ணிக்கையை 1991, 2001, 2011 என ஒப்பிடுங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் மாவட்ட அறிக்கையை அதன் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் வேறு சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை ஒரு மாதம் விடாமல் துரத்தினால், இந்தத் துறை உங்களுக்கானதா என்று தெரிந்துவிடும்.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் தந்து பிரசவம் வரை பின்தொடரும் மாநிலம் இது. இவ்வளவு நுணுக்கமாகத் தகவல் திரட்டும் மாநிலத்தில், அதை ஆராயும் முழுமையான மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் ஒன்று மாநிலத்தின் சொந்தப் பொறுப்பில் வேண்டும். பல்கலைக்கழகங்களில் இத்துறைக்கான ஆசிரியர் பணியிடங்கள் நிரம்ப வேண்டும். வடமாநிலங்களிலிருந்து வந்து திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உழைப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று கேட்டால், ஊகத்தைச் சொல்லாமல் கணக்கைச் சொல்லும் நிலை வர வேண்டும்.

2027-ல் எண்கள் வந்துவிடும். அவற்றை வைத்துத் தொகுதிகளும் நிதியும் ரேஷனும் பள்ளிகளும் முடிவாகும். அந்த முடிவுகள் அடுத்த பல ஆண்டுகளுக்கு நம்மைக் கட்டுப்படுத்தும். அட்டவணையைப் பார்த்ததும் "இதில் விடுபட்டவர் யார்?" என்று கேட்டு, விடையைக் கணக்கோடு முன்வைக்கும் ஆயிரம் இளைஞர்களை அதற்குள் தமிழ்நாடு உருவாக்க வேண்டும். படிக்கச் செல்வது அவர்கள் கையில். படிப்பதற்கான இடத்தையும் வேலையையும் உறுதி செய்வது நம் எல்லோர் கையிலும் இருக்கிறது.